‘யார் நீங்க?’ என்று கேட்டால்: போக்கிமானின் வசனகர்த்தா ஷுதோ தகேஷி

பூனை முகம் வரைந்த பலூன் ஒன்று தலைக்கு மேல் வந்து நிற்கும். அல்லது பாதையில் தோண்டி மறைத்த குழிக்குள் பையன் விழுவான். மேலே நின்று இரண்டு பேர் சிரிப்பார்கள். "யார் நீங்க?" என்று அவன் கத்துவான். அந்தக் கேள்விக்காகவே காலையிலிருந்து காத்திருந்தவர்கள் மாதிரி, வந்த வேலையை மறந்து, ரோஜாப்பூவும் கையுமாக அவர்கள் வசனத்தை ஆரம்பிப்பார்கள். முழுவதும் சொல்லி முடிக்கும்வரை பையனும் மரியாதையாகக் காத்திருப்பான்.

போக்கிமான் என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரைப் பார்த்தவர்களுக்கு ஆள் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் ஜெஸ்ஸி, ஜேம்ஸ், பேசும் பூனை மியாவ்த். ஜப்பானிய மூலத்தில் இவர்கள் முசாஷி, கோஜிரோ, நியாசு. மியாமோதோ முசாஷியும் சசாகி கோஜிரோவும் 1612இல் ஒரு தீவில் மோதிய வாள்வீரர்கள் என்பது ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஜென்ம வைரிகளின் பெயரை இணைபிரியாத இரண்டு அசடுகளுக்கு வைத்ததிலேயே முதல் சிரிப்பு வந்துவிடுகிறது. அந்த வசனத்தை எழுதியவர் ஷுதோ தகேஷி. ஷுதோ குடும்பப் பெயர். ஜப்பானில் அதுதான் முன்னால் வரும். 1949இல் ஃபுகுவோகாவில் பிறந்தவர்.

ஷுதோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் போக்கிமான் திரைப்படத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். ‘நான் யார்’ என்று கேட்கும், ஆய்வுக்கூடத்தில் பிறந்த மியூட்டூ, குளோனிங், தத்துவம் என்று அந்தப் பேச்சு போகும். நகைச்சுவையை அவர் கைவேலையாகவும், தத்துவத்தை அவருடைய சொந்த விஷயமாகவும் பிரித்து வைத்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பிரிப்பில் உடன்பாடு இல்லை. ஒரே கேள்வியைத்தான் அவர் இரண்டு விதமாக எழுதினார். அதற்கு அந்த வசனத்தையே கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

"நந்தா கந்தா தோ கிகரெதரா, கொதாஎதே அகெரு கா யோ நோ நசகே." தமிழில் தோராயமாக: ‘அது என்ன, இது என்னன்னு கேட்டாக்க, பதில் சொல்றதுதான் உலகத்துல இரக்கம்.’ பையனின் ‘யார் நீங்க?’ ஜப்பானிய மூலத்தில் "நந்தா?", அதாவது ‘என்னது இது?’ அந்தச் சொல்லையே அவன் வாயிலிருந்து பிடுங்கி "நந்தா கந்தா" என்று ஆரம்பிக்கிறார்கள். ஓசையை எண்ணிப் பாருங்கள்: ந-ன்-தா-க-ன்-தா-தோ ஏழு, கி-க-ரெ-த-ரா ஐந்து. ஹைக்கூ வாசித்தவர்களுக்குத் தெரிந்த அந்த ஏழும் ஐந்தும்தான். கபுகி என்ற பழைய ஜப்பானிய நாடக மேடையில் திருடர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்வதும் இதே நடையில்தான். 1862இல் கவதாகே மொகுஆமி எழுதிய நாடகம் ஒன்றில் பெண் வேடத்தில் கடைக்குள் நுழைந்த திருடன் பிடிபட்டதும், ‘தெரியாதென்றால் சொல்கிறேன், கேள்’ என்று தொடங்கித் தன் பிறப்பு வளர்ப்பெல்லாம் பாடாத குறையாகச் சொல்வான். அதே நாடகத்தில் ஐந்து திருடர்கள் குடையோடு ஆற்றங்கரையில் வரிசையாக நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லும் காட்சிக்குக் கொட்டகை அதிரும். போக்கிமான் பார்க்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு மொகுஆமியைத் தெரியாது. ஆனால் காதுக்குத் தெரியும்.

அடுத்த அடிகளில்தான் ஷுதோவின் குறும்பு. உலகம் அழியாமல் தடுக்க, உலகின் அமைதியைக் காக்க, என்று கதாநாயகன் பேசவேண்டியதை இவர்கள் பேசுகிறார்கள். அப்புறம் ‘அன்பும் உண்மையும் கொண்ட தீமையைக் கடைசிவரை நடத்துகிற’ என்று ஒரு முடிச்சு. அதற்கும் அப்புறம் ‘அழகான, வசீகரமான கதாகியாகு’ என்று தங்களுக்கே ஒரு பட்டம். இந்தக் ‘கதாகியாகு’ என்ற சொல்லை மொழிபெயர்ப்புகள் சும்மா ‘வில்லன்’ என்று தாண்டிவிடுகின்றன. அது கபுகியில் ஒரு வேஷத்தின் பெயர். நான் கெட்டவன் என்று அவர்கள் சொல்லவில்லை. நான் கெட்டவன் வேஷம் கட்டியிருக்கிறேன் என்கிறார்கள். கடைசியில் தோற்று வானத்தில் நட்சத்திரமாக மறையும்போது "யானா கான்ஜீ" என்று கத்துவார்கள். ‘சே, நல்லாவே இல்ல’ என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வாரமும் வேஷம் முடிந்தது, சம்பளம் இல்லை.

இப்படிப்பட்ட ஆட்களை ஷுதோ போக்கிமானுக்காகப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பதினாறு வருடம் முன்பே செய்து பார்த்துவிட்டார்.

அவர் முதலில் எழுதியது தொலைக்காட்சிச் சரித்திரத் தொடருக்கு, இருபது வயதை ஒட்டி. வாள், குடுமி, எதோ காலத்து ரகசியப் போலீஸ். அதில் நிலைக்காமல் வேறு வேலைகள் பார்த்தார், ஐரோப்பாவில் சுற்றினார். எழுபதுகளின் பின்பாதியில் உலக நாட்டுப்புறக் கதைகளைச் சின்னச் சின்ன அனிமேயாகக் காட்டிய தொடருக்கு எழுத வந்தார். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு கதையைத் தொடங்கி முடிக்கும் வேலை, வசனகர்த்தாவுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

1981 ஜூலையில் ‘கோஷோகுன்’ வந்தது. பெரிய ரோபோ, அதை ஓட்டும் மூன்று பேர், உலகை ஆள நினைக்கும் டொகூகா என்ற ரகசியக் கூட்டம். அந்தக் காலத்தில் வாரத்துக்கு இப்படி எத்தனையோ ரோபோக்கள். பொம்மை விற்கத்தான் தொடர். ரோபோ கடைசி ஐந்து நிமிடத்தில் வந்து எதிரியின் இயந்திரத்தை வெட்டினால் போதும். மீதி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதில் பொம்மைக் கம்பெனிக்குப் பெரிய அக்கறை கிடையாது. அந்த மீதி நேரத்தைத்தான் ஷுதோ பிடித்துக்கொண்டார்.

கோஷோகுனின் மூன்று எதிரித் தளபதிகளின் பெயரைப் பாருங்கள். ஒருவன் கெருநகூரு. ‘கெரு’ என்றால் உதை, ‘நகுரு’ என்றால் குத்து. இன்னொருவன் சுகுனி கட்டொனாரு: ‘சட்டென்று கொதித்துப்போகிறவன்’ என்ற வாக்கியத்தையே ஐரோப்பியப் பெயர் மாதிரி முறுக்கி வைத்திருக்கிறார். மூன்றாமவன் லியோனார்தோ மெதிச்சி பண்டோரு. போர் நடக்கும்போதும் கையில் ஒயின் கோப்பை, பின்னணியில் மேற்கத்திய சாஸ்திரிய இசை, எதைப் பார்த்தாலும் "உத்சுகுஷீ" (அழகு!) என்று பெருமூச்சு. உதைகுத்துக்காரன் பக்கத்தில் பொரித்த கோழிக் கடை வியாபாரம் பார்க்கிறான். கொதிப்புக்காரன் மனதை அமைதிப்படுத்தும் மாத்திரை தயாரிக்கிறான். அதிகம் விழுங்குகிறவனும் அவனேதான்.

உலகை வெல்ல வந்தவர்களுக்குக் கடை வாடகைக் கவலை இருந்தால் அவர்களை வெறுக்க முடியுமா? 26 வாரத்தில் தொடர் முடிந்தது, மூவரும் சாகவில்லை. அதற்குப் பின் ஷுதோ எழுதிய கோஷோகுன் நாவல்களிலும் அவர்கள் வருகிறார்கள். 1985இல் வந்த திரைப்படத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். நாற்பது வருடம் கழித்து, அணியின் ஒரே பெண்ணான ரெமி மருத்துவமனையில் சாகக் கிடக்கிறாள். அவளைச் சுற்றிப் பழைய தோழர்களோடு அந்தப் பழைய எதிரிகளும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் ரோபோ தலைகாட்டவே இல்லை! ரோபோ படம் என்று நம்பி டிக்கெட் வாங்கியவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

இந்தத் தொடரையும் படத்தையும் இயக்கியவர் யுயாமா குனிஹிகோ. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

அனிமேயில் எழுத்தாளர் வேலை எப்படி நடக்கிறது என்று இங்கே சொல்லிவிடலாம். அரைமணித் தொடர் என்றால் விளம்பரம், பாட்டு போக இருபது நிமிடச் சொச்சம்தான் கதை. 200 எழுத்துக் கட்டம் போட்ட தாள் ஒன்றுக்கு ‘பெரா’ என்று பெயர். ஒரு வாரக் கதைக்கு அறுபது பெரா சுமார் கணக்கு. முதல் படி எழுதியதும் ‘ஹோன்-யொமி’ என்ற கூட்டம். இயக்குநர், தயாரிப்பாளர், தொலைக்காட்சி ஆள், சில சமயம் பொம்மைக் கம்பெனி ஆள் எல்லாரும் உட்கார்ந்து படித்துக் குறை சொல்வார்கள். திருத்தி, மறுபடி கூட்டம், மறுபடி திருத்தம். எல்லா வாரத்தையும் ஒரே ஆள் எழுத முடியாது என்பதால் நான்கைந்து எழுத்தாளர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் கதைப்போக்கை வகுத்துக் கொடுத்து, பாத்திரங்கள் தடம் மாறாமல் பார்த்துக்கொள்கிறவருக்கு ‘தொடர் அமைப்பு’ என்ற பட்டம். ஷுதோவின் பெயர் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வரும். முதலிலும் முடிவிலும் தானே எழுதி, நடுவில் மற்றவர்களை விளையாட விடுவது அவர் வழக்கம்.

1982 மார்ச்சில் ‘மிங்க்கி மோமோ’ தொடங்கியது. இயக்கம் மறுபடியும் யுயாமா. ஃபெனரினாசா என்ற கனவு தேசத்து இளவரசி பூமிக்கு வந்து, பிள்ளையில்லாத ஒரு கால்நடை வைத்தியர் தம்பதியின் மகளாக வளர்கிறாள். கூட ஒரு நாய், ஒரு குரங்கு, ஒரு பறவை. மோமோ என்றால் பீச் பழம். பீச் பழத்திலிருந்து பிறந்து நாய், குரங்கு, காட்டுக்கோழியோடு அரக்கர்களை அடக்கப்போகும் பையனின் கதை ஜப்பானில் எல்லாப் பாட்டிக்கும் தெரியும். ஷுதோ அந்தப் பையனைப் பெண்ணாக்கிவிட்டார். இவளுடைய மந்திரம் ஒன்றே ஒன்றுதான்: வளர்ந்த பெண்ணாக மாறி ஏதாவது ஒரு வேலையில் கெட்டிக்காரியாக நிற்பது. விமானப் பணிப்பெண், போலீஸ், கால்நடை வைத்தியர், பந்தய வண்டி ஓட்டி. யோசித்துப் பார்த்தால் அது மந்திரமே இல்லை. இருபது வருடம் பொறுத்தால் எந்தப் பெண்ணுக்கும் கைகூடக்கூடியது.

பொம்மை எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. சீக்கிரம் முடித்துவிடச் சொன்னார்கள். 1983 ஜனவரி 27 அன்று ஒளிபரப்பான 46வது வாரத்தில், மந்திரத்தை இழந்து சாதாரணச் சிறுமியாகிவிட்ட மோமோ நடுத்தெருவில் லாரி மோதிச் செத்துப்போகிறாள். குழந்தைகள் தொடரின் நாயகி! அந்த லாரி ஏற்றிவந்தது பொம்மைகள். பொம்மைக் கம்பெனிக்கு ஷுதோ கொடுத்த பதில் இது என்று ரசிகர்கள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு அந்த லாரியைவிட அதற்கு அடுத்த நிமிடங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. செத்த மோமோ, இதுவரை வளர்ப்புப் பெற்றோராக இருந்த அதே தம்பதிக்கு உண்மையான மகளாகப் பிறக்கத் தீர்மானிக்கிறாள். மந்திரம் இல்லாமல், தன் கனவைத் தானே கண்டு தானே வளரப்போகிற குழந்தையாக. முதல் வாரம் சொன்ன வேடிக்கைக்குக் கணக்கு இங்கே தீர்கிறது.

இதற்குள் தொடரை நீட்டிப்பதென்று முடிவாகி, 63 வாரம் ஓடியது. அதே சமயத்தில் குண்டு நிஞ்சாப் பையன் ஒருவனை வைத்த பள்ளிக்கூட நகைச்சுவைத் தொடரும் ஷுதோ கையில் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து முதல் ஜப்பான் அனிமே விருதில் வசனத்துக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. எண்பதுகளின் முடிவில் ‘கேலக்ஸி நாயகர்கள்’ நாவல் வரிசையின் முதல் திரைப்படத்துக்கு எழுதினார். நகைச்சுவைக்கு அதில் அதிகம் இடம் கிடையாது; அதைக் கடந்து போகிறேன். 1991இல் மோமோவை வேறொரு பெண்ணாகத் திரும்பக் கொண்டுவந்தபோது குரல் கொடுத்தவர் ஹயாஷிபாரா மெகுமி. ஆறு வருடம் கழித்து முசாஷிக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தான்.

1997 ஏப்ரல் 1 அன்று போக்கிமான் தொடங்கியது. இயக்கம் யுயாமா, தொடர் அமைப்பு ஷுதோ. கையில் இருந்தது ஒரு வீடியோ கேம்: போக்கிமான் என்ற விசித்திரப் பிராணிகளைப் பிடித்துப் பழக்கி மோதவிடும் ஆட்டம். அதில் ராக்கெட் கோஷ்டி என்று ஒரு கும்பல் உண்டு, ஆனால் முகமில்லாத அடியாட்கள். வாராவாரம் எதிரி வேண்டும், ஆனால் குழந்தைகள் பயந்து டிவியை அணைக்கக் கூடாது. ஷுதோ தன் பழைய மூவரை எடுத்துத் தூசி தட்டினார். இரண்டாவது வாரமே முசாஷியும் கோஜிரோவும் நியாசுவும் மேடையேறிவிட்டார்கள். நியாசுவுக்குக் குரல் கொடுத்த இனுயாமா இனுகோ நகைச்சுவை நாடக மேடையிலிருந்து வந்தவர் என்பதும் பொருத்தமாக அமைந்தது.

சிரிப்பு காட்டியவர்களுக்கு மெல்ல மெல்லப் பின்கதை சேர்ந்தது. முசாஷி சின்ன வயதில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் பனியைத் தின்று வளர்ந்தவள். கோஜிரோ பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. அவனுக்குப் பேசிவைத்த பெண்ணுக்குப் பயந்து ஓடிவந்தவன். அந்தப் பெண் அச்சு அசல் முசாஷி மாதிரியே இருப்பாள் என்பது வேறு. நியாசு கதைதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. தெருப்பூனையான அது ஒரு பெண் பூனையிடம் மனதைப் பறிகொடுத்து, மனிதர்கள் மாதிரி இருந்தால் அவளுக்குப் பிடிக்கும் என்று இரண்டு காலில் நடக்கவும் பேசவும் ராப்பகலாகப் பழகியது. பேசக் கற்றுக்கொண்டு போய் நின்றால், பேசுகிற பூனை அருவருப்பாக இருக்கிறது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உலகத்திலேயே இருமொழி தெரிந்த ஒரே நியாசு, இரண்டு பக்கமும் சேராமல் பலூனில் திரிகிறது.

1998 ஜூலையில் முதல் திரைப்படம். மனிதர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த மியூட்டூ கண் விழித்ததும் கேட்கிறது: இது எந்த இடம், நான் யார், யார் கேட்டார்கள் என்னைப் பெறச்சொல்லி? இப்போது பலூன் ஆட்களின் வசனத்தை நினைத்துப் பாருங்கள். ‘என்ன ஏதென்று கேட்டால் பதில் சொல்வதுதான் இரக்கம்.’ மியூட்டூ கேட்கிறது. பதில் சொல்ல ஒருவரும் இல்லை. வாராவாரம் சிரிப்புக்காகச் சொன்ன அந்த முதல் வரியின் மறுபக்கம்தான் இந்தப் படம் என்று நான் வாசிக்கிறேன். இரண்டையும் எழுதியது ஒரே கை.

படத்தின் உச்சத்தில் அசல் போக்கிமான்களும் அவற்றின் நகல்களும் மூச்சு முட்டச் சண்டை போடுகின்றன. ஒரு ஓரத்தில் நியாசுவும் நகல் நியாசுவும் எதிரெதிரே நிற்கின்றன. நகத்தைப் பார்க்கின்றன. பட்டால் வலிக்குமே என்று இரண்டுக்கும் தோன்றுகிறது. இன்றைக்கு நிலா நல்ல வட்டமாக இருக்கும் என்கிறது நகல். இந்த நேரத்தில் நிலாவைப் பற்றிப் பேசுகிறாயே, நீ ஒரு தத்துவவாதிதான் என்கிறது அசல். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மேலே பார்க்கின்றன. யார் அசல், யார் நகல் என்று மற்ற எல்லாரும் ரத்தம் சிந்தித் தேடுவதற்கு, வேஷக்காரர்கள் பக்கம் விடை சும்மா கிடக்கிறது. அமெரிக்கா போனபோது இந்தப் படத்தின் வசனம் பல இடங்களில் மாற்றப்பட்டது. சண்டை தப்பு என்ற நீதி தூக்கலாகச் சேர்க்கப்பட்டது. ஆங்கிலத்தில் மட்டும் பார்த்தவர்கள் மூலத்தையும் ஒருமுறை பார்க்கலாம். கடைசியில் யாருமில்லாத தீவில் மாட்டிக்கொண்ட மூவரும் வழக்கமான ‘நல்லாவே இல்ல’வை விட்டுவிட்டு "ஈ கான்ஜீ" (நல்லாத்தான் இருக்கு) என்பார்கள்.

படம் பெரிய வெற்றி. வெற்றியே அவருக்குச் சுமையாகவும் ஆனது. அந்த வருடங்களில் குடியும் உடல்நலக் கேடும் தன்னைப் பிடித்துக்கொண்டதை, 2005 முதல் எழுதிய தொடர் கட்டுரைகளில் ஷுதோவே பூசிமெழுகாமல் சொல்கிறார். 1999இன் இரண்டாம் படத்துக்காக லூகியா என்ற கடல் காவலனை உருவாக்கினார். அவர் மனதில் அது ஒரு தாய். படத்தில் ஆண் குரல் பேசியது. மூன்றாம் படத்துக்கு டைனோசர் புதைபடிவம் எழுந்து நடக்கும் கதை ஒன்றை வைத்திருந்தார், நடக்கவில்லை. 2000இல் வந்த வேறொரு கதையை சோனொதா ஹிதேகியோடு சேர்ந்து எழுதிக் கொடுத்தார். பிறகு போக்கிமானிலிருந்து விலகினார்.

தொடரை எப்படி முடிக்க நினைத்தார் என்பதையும் அதே கட்டுரைகளில் எழுதியிருக்கிறார். போக்கிமான்கள் ஒருநாள் மனிதர்களுக்கு எதிராக எழும்; முன்னணியில் பையனின் கூட்டாளிப் போக்கிமான் பிகாச்சு. பையனுக்கும் பிகாச்சுவுக்கும் நடுவில் பேச்சுவார்த்தைக்கு ஆள் வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்தது நியாசு ஒன்றுதான். காதலுக்காகக் கற்று அவமானப்பட்ட அந்தப் பேச்சு அங்கே உதவியிருக்கும். ஆனால் லாபம் கொழிக்கும் தொடரை யார் முடிப்பார்கள்? அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, வேறு நாயகர்களோடு.

2010 அக்டோபர் 28 அன்று நாரா ரயில் நிலையத்தின் புகைபிடிக்கும் இடத்தில் மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. மறுநாள் இறந்தபோது வயது 61. 2017இல் வந்த போக்கிமான் படத்தில் வசனத்தில் ஒரு பகுதி என்று அவர் பெயரைப் போட்டார்கள். 2019இல் மியூட்டூ படத்தை முப்பரிமாணத்தில் மறுபடி எடுத்தபோதும் எழுத்து ஷுதோ தகேஷி என்றே வந்தது.

இரண்டாம் படத்தின் கடைசியில் ஒரு சின்ன இடம் உண்டு. முசாஷி, கோஜிரோ, நியாசு மூவரும் முதல்முறையாக நல்ல காரியம் ஒன்று செய்திருக்கிறார்கள், உயிரைப் பணயம் வைத்து. கடற்கரையில் உட்கார்ந்து புலம்புகிறார்கள்: உலகத்தையே காப்பாற்றினோம், ஒரு ஆளாவது பார்த்தானா? பக்கத்தில் நிற்கும் பேசும் போக்கிமான், நிறையப் பேர் பார்த்தார்களே என்கிறது. எங்கே என்று கேட்க, அது திரும்பித் திரைக்கு இந்தப் பக்கம், கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நம்மைக் காட்டுகிறது.